திமிலைப் பிடித்த கை

அந்தக் காளையை நான் பிடிக்கவில்லை.

அலங்காநல்லூரில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, டீக்கடைக்கு மேல் பெரிய ஃபிளெக்ஸ் படம் ஒன்று தொங்குகிறதே... அதில் காளைக்கு முன்னால் இரு கைகளையும் விரித்து நிற்பவன் நான்தான். ‘காளையை அடக்கிய வீரர்’ என்று கீழே எழுதியிருக்கிறது. அது பொய். ஆறு வருடங்களாக அந்தப் பொய்க்கு அடியில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன்!

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மண்டியில் தேங்காய் உரிப்பது தொழில். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பெண் பார்க்கப் போன இடத்தில் என்னை ஊமை என்று நினைத்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜல்லிக்கட்டு அன்று வாடிவாசல் முன்னால் தேங்காய் நார் பரப்புவதும் என் வேலை. விழுகிறவனுக்கு அடிபடக் கூடாதல்லவா? அந்த வருடம் ஒரு சுற்று முடிந்ததும், விலகிக் கிடந்த நாரை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் வெளியேறுவதற்குள் அடுத்த காளை வந்துவிட்டது. மைக்கில் கத்தினார்கள். ஓடியிருக்க வேண்டும்... கால் எழவில்லை. கைகள் மட்டும் தாமாக விரிந்தன. வீரமா அது? பயம்! கைலி நனைந்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என்னைக் கண்டு காளை ஒரு நொடி திகைத்தது. அந்த ஒரு நொடியில் மறுபக்கமிருந்து ஒருவன் பாய்ந்து திமிலைக் கட்டிக்கொண்டான். எழுமலைக்காரன், பெயர் சின்னச்சாமி. அவனுக்கு அன்று ஓர் அண்டா பரிசு கிடைத்தது. நூற்றுக்கணக்கான காளைகள் ஓடிய நாள். மறுநாள் யார் அவனை நினைத்தார்கள்?

ஆனால் படம் நின்றது. ஒரு வெளிநாட்டுக்காரர் எடுத்தது. அதில் சின்னச்சாமியின் முகம் திமிலுக்குப் பின்னால் மறைந்திருந்தது. கைகள் மட்டுமே தெரிந்தன. டீக்கடைக்காரர் அதைக் கேட்டு வாங்கிப் பெரிதாக்கி மாட்டினார்.

எங்கள் ஊரின் பாடு உங்களுக்குத் தெரியுமா? பொங்கலுக்கு உலகமே இங்கே வரும். மற்ற நாட்களில் வருகிறவர்கள் வெறும் வாடிவாசலைப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்று முகம் சுண்டிப்போவார்கள். அவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டும். அதற்காக என்னைக் காட்டினார்கள்!

“மாப்ள, வேன் வந்துருக்கு, ஓடியா. சும்மா நில்லு, போதும். வாயத் தொறந்து காரியத்தக் கெடுத்துறாத” என்பார் கடைக்காரர்.

வாயைத் திறக்காமலிருப்பது எனக்குக் கடினமா என்ன? கூச்சத்தில் தலை குனிவேன். “அம்புட்டுப் பெரிய மாட்டப் புடிச்சுட்டு எப்புடி அடக்கமா நிக்கிறாரு பாரு” என்பார்கள். நாற்பது வருடம் என்னைக் கேலிக்கு ஆளாக்கிய கூச்சம் ஒரே படத்தில் பெருமையாகிவிட்டது! மண்டி முதலாளி நாற்காலி போட்டார். எந்தெந்த நாட்டுக்காரர்களோ என் தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள். தெருவில் நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன்... அந்த மகிழ்ச்சி பொய்யில்லை!

போன மாசியில் ஒரு வேன் நிறையச் சென்னைக்காரர்கள் என்னைச் சூழ்ந்திருந்தார்கள். காதுகுத்து வீட்டுக்கு வந்த சின்னச்சாமி, மனைவியோடு டீ குடிக்க ஒதுங்கினான். நான் அவனைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டேன். அவன் மனைவியோ படத்தையே பார்த்தாள்.

“ஏங்க, இது ஒங்க கையில்ல?”

“சும்மா வா புள்ள. பஸ்சு போயிரும்.”

“என்னத்த சும்மா? மடங்காத சுண்டுவெரலு! பதினெட்டு வருசமா சோறு போடுறேன், எம் புருசன் கை எனக்குத் தெரியாதா?” அவள் என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, ஒங்க ரெண்டு கையும் காத்துல நிக்கிது. அப்பத் திமிலப் புடிச்சது யாரு கை? நீங்களே சொல்லுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ‘இவர்தான்’ என்று ஒரு சொல் போதும். கூச்சம் தடுத்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை! அன்று என் நாக்கு ஒட்டவில்லை. சொல் நுனிவரை வந்துவிட்டது. நான்தான் விழுங்கினேன். பிறகு, வழக்கம்போல் தலையைக் குனிந்தேன்.

“ஏத்தா, ஊருக்கு ஒருத்தரு ‘எங் கைதான்’னு வாரீக. போயி வரிசையில நில்லுங்க” என்றார் கடைக்காரர். வேன்காரர்கள் சிரித்தார்கள்.

சின்னச்சாமி இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். “நானில்லண்ணே. இவ ஏதோ வெளையாட்டுக்குச் சொல்றா” என்று என்னிடமே சொன்னான். என்னிடம்! அவள் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி அவன் பின்னால் போனாள்.

யாரோ கைதட்டினார்கள். நான் கைகளை விரித்து நின்றேன். அன்று என் நெஞ்சு விம்மியது. வென்றுவிட்டேன் என்றே விம்மியது! காளையைக் கண்டு நனைந்தவன், ஒரு பெண்ணின் கேள்விக்கு முன்னால் அசையாமல் நின்றேனே... அதைவிட வெற்றி வேண்டுமா?

நீங்களும் ஒருநாள் எங்கள் ஊருக்கு வருவீர்கள். கடைக்காரர் அழைப்பார். நான் வருவேன், சந்தோஷமாகத்தான் நிற்பேன். நான் தலை குனிந்தால் அடக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். சற்றே நிமிர்ந்து படத்தைப் பாருங்கள். எல்லா விரல்களும் திமிலில் புதைந்திருக்க, மடங்காத அந்தச் சுண்டுவிரல் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்...

நேராக என்னைக் காட்டி.