பெண் பார்க்க வந்தவருக்கு ஹம்மஸ்

2009-இல் எனக்கு முப்பத்தொரு வயது முடிந்திருந்தது. அந்த வருஷம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த மாப்பிள்ளை, ஜாதகத்தோடு சேர்த்து ஒரு சமையல் குறிப்பையும் அனுப்பி வைத்தார். இரண்டு பக்கம். கம்ப்யூட்டரில் அடித்து, பிரிண்ட் எடுத்து, பின் போட்டது. தரகர் அதை அரசாங்க உத்தரவு மாதிரி அப்பாவிடம் நீட்டினார்.

“மாப்பிள்ளை சைவம் சார்.”

“அதனால என்னா? அன்னிக்கு மீன் வாங்கலன்னா தீந்துது” என்றார் அப்பா.

“இது சைவத்துக்கும் மேல சார். பாலு, தயிரு, நெய்யி, தேனு எதையும் தொடமாட்டாரு. வீகன்னு பேராம். வெளிநாட்டுல ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணப் போனாரு இல்ல, அங்க புடிச்சுக்கிச்சு.”

ஜலதோஷம் பிடித்துக்கொண்டதுபோல்தான் சொன்னார். அம்மா வாயில் கையை வைத்தாள். “பாலு கூடவா? ஐயய்ய, அப்ப வர்றவங்களுக்கு எதைக் கலந்து குடுக்கறது?”

காகிதத்தில் இருந்த பதார்த்தத்தின் பெயர் ஹம்மஸ். வெள்ளைக் கொண்டைக்கடலையை ஊறவைத்து, குழைய வேகவைத்து, ஒவ்வொன்றாகத் தோல் உரித்து, எள் விழுது, பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து மைய அரைக்க வேண்டும். கடைசியில் ஒரு வரி: பெண் தன் கையாலேயே செய்ய வேண்டும். இதற்கு முன்னால் வந்தவர்களில் ஒருவர் பாடச் சொன்னார், ஒருவர் நடந்து காட்டச் சொன்னார். இந்த மகானுபாவர் அரைக்கச் சொன்னார்.

நான் கடலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திவிட்டு வருகிறவள். மாப்பிள்ளைக்கும் சிதம்பரத்தில்தான் வேலை, வீடு. அப்பாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? “இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே நம்ம வாசப்படிய ஒருத்தனும் மிதிக்க மாட்டான்” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஃபேனைப் பார்த்துச் சொன்னார். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. என்னோடு படித்தவளின் மகள் அந்த வருஷம் என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டு கடலையை ஊறவைத்தேன்.

ஆலிவ் எண்ணெய்க்குத் திருப்பாதிரிப்புலியூர் மளிகைக் கடைகளையெல்லாம் அலசினேன். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு மருந்துக்கடையில் கிடைத்தது, உள்ளங்கை அளவு பாட்டில். கடைக்காரர் அதைத் துடைத்துக்கொண்டே, “கொழந்தைக்கு எத்தினி மாசம் ஆவுது மேடம்?” என்று கேட்டார். குளிப்பாட்டும் முன் குழந்தைக்குத் தேய்க்கிற எண்ணெயாம். இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் லேபிளைப் படித்தால், வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று போட்டிருந்தது. மாப்பிள்ளைக்கு உள்ளே கொடுக்கலாம், ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தோன்றியது. அம்மாதான் பிடுங்கி வைத்துவிட்டாள்.

அடுத்தது எள். வாணலியில் போட்டு வறுக்கத் தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் கிடைப்பது கறுப்பு எள்தான். வாசனை கூடத்துக்குப் போனதுமே அம்மா ஓடிவந்தாள். “அடிப் பாவி! நல்ல காரியத்துக்கு வர்றாங்க, எள்ள வறுக்கறியே. பொண்ணு பாக்க வர்றாங்களா, திவசத்துக்கு வர்றாங்களா?” அடுப்பை அணைத்து, வாணலியோடு கொல்லைப்பக்கம் கொண்டுபோய்விட்டாள். காடாம்புலியூரிலிருந்து வந்த முந்திரிப் பருப்பு ஒரு டப்பா நிறைய இருந்தது. அதைப் போட்டு அரை என்றாள், மேலே ஊற்ற நல்லெண்ணெய் கொடுத்தாள். எள் ஆகாது, எள்ளை ஆட்டி எடுத்த எண்ணெய் ஆகும். எங்கள் வீட்டுச் சாஸ்திரம் அவ்வளவு தெளிவானது.

தோல் உரிக்க இரண்டு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு கடலையையும் கட்டைவிரலால் பிதுக்கினால் வழவழவென்று ஒரு தோல் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். உதறினால் போகாது. அந்தக் குறிப்பை எழுதினவன் ஒரு நாளாவது உரித்திருப்பானா என்று யோசித்துக்கொண்டே உரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா மூன்று பேரும் வந்தார்கள். சப்பாத்தியை முக்கோணமாக வெட்டி, தட்டின் நடுவே ஹம்மஸை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார். தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

“எள்ளு போடல.”

“முந்திரி போட்டேன்.”

“அப்ப இது ஹம்மஸ் கெடையாது” என்றார். பிறகு கூடத்தில் இருந்த எல்லோருக்கும் பாடம் எடுத்தார். பால் கன்றுக்குச் சேர வேண்டியது, நாம் குடிப்பது திருட்டு என்றார். அந்தப் பேச்சில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை, யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் பேசுகிறவர் முகத்தில், பசுக்களெல்லாம் கூட்டம் போட்டு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த மாதிரி ஒரு களை இருந்தது. அதைத்தான் சகிக்க முடியவில்லை. அப்பா வேறு, நேற்றுவரை சங்கரா மீனும் இறாலும் தின்ற வாயால், “கரெக்டு மாப்ள, கரெக்டு” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், “தோலெல்லாம் நல்லா உரிச்சிருக்கீங்க” என்று எனக்குப் பாஸ் மார்க் கிடைத்தது.

நான் சமையலறைக்குத் திரும்பினேன். தண்ணீர் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவருடைய அம்மா பின்னாலேயே வந்தார். அறுபது வயதிருக்கும். அடுப்பில் இருந்த பால் பாத்திரத்தைப் பார்த்தார்.

“ஒரு வாய் காபி கெடைக்குமா பாப்பா? அவனுக்குத் தெரிய வேணாம்.”

கலந்து கொடுத்தேன். கதவுக்குப் பின்னால் நின்று, சுடச்சுட நாலு மடக்கில் குடித்தார். டம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்தார். பெற்ற மகனுக்குப் பயந்து காபியை ஒளிந்து குடிக்கிறாரே, இதுவும் ஒரு பிழைப்பா என்றுதான் நினைத்தேன். இரக்கம் வரவில்லை. அப்போது அவர் கைகளைப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரல் நகமும் ஓரத்தில் வெடித்து, மஞ்சள் பூசியிருந்தது.

“உங்க வீட்டுல நீங்கதான் உரிப்பீங்களா அத்தை?”

“வேற யாரு? வாரத்துக்கு ரெண்டு தடவ. மிக்சில அரைச்சா ருசியா இல்லங்கறான், அம்மியிலதான். நீ போட்டிருக்கிற முந்திரி நல்லாத்தான் இருக்குது. சொன்னா ஒத்துக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டு வேகமாகக் கூடத்துக்குப் போய்விட்டார்.

பிறகு எங்கள் இருவரையும் தனியாகப் பேசச் சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பால், தயிர், மீன் எல்லாவற்றையும் விட்டுவிடத் தயாரா என்று கேட்டார். விடலாம், அதொன்றும் கஷ்டமில்லை என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். பிறகு, “நீங்க எப்பவாவது கடலைத் தோலு உரிச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

சிரித்தார். “எனக்கு எங்க டைம் இருக்குது? அம்மா செய்வாங்க, அவுங்களுக்கு அது புடிக்கும். இப்ப முடியல பாவம். நீங்க வந்துட்டா அவுங்களுக்கு ரெஸ்ட்.”

மாட்டுக்கு இரக்கப்படுகிற மனிதர். கீழே இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

அன்று மிஞ்சிய ஹம்மஸில் கொஞ்சம் மிளகாய்த்தூள் கலந்து சாயங்காலம் தோசைக்குத் தொட்டுக்கொண்டோம். மறுநாள் டிபன் பாக்ஸில் சப்பாத்திக்கு வைத்து எடுத்துப் போனேன். உண்மையைச் சொல்ல வேண்டும், பிரமாதமாக இருந்தது. பாலும் நெய்யும் இல்லாத ஒரு சமையல் இவ்வளவு ருசிக்கும் என்று அவர் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் நானே அதற்கு மாறியிருப்பேன்.

புதன்கிழமை தரகர் வந்து, அவர்களுக்குச் சம்மதம் என்றார். அப்பா சர்க்கரை டப்பாவைத் தேடினார். எனக்குச் சம்மதமில்லை என்றேன். முதலில் யாருக்கும் காதில் விழவில்லை. விழுந்த பிறகு அம்மா அழுதாள். அப்பா அழவில்லை. “நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது? நீயே சொல்லு” என்று நம்பரை அழுத்தி ரிசீவரை என் கையில் திணித்தார்.

அந்த மனிதரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் சவுக்கடி. ஆனால் எடுத்தது அவருடைய அம்மா. என் குரலைக் கேட்டதும், “சொல்லு பாப்பா” என்றார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்தக் குரல்.

“எனக்கு இதுல இஷ்டமில்ல அத்தை.”

 

“செரிம்மா” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீ வந்தா எனக்குக் கொஞ்சம் ஒத்தாசையா இருக்கும்னு நெனச்சேன்” என்றார்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அப்பா எதிரில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவும் உடனே வைத்துவிடவில்லை, நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்.