சாய்க்கிற குத்து

என் சித்தப்பாவிடம் குத்து வாங்கிய ஒருவரும் கீழே விழுந்ததில்லை. எங்கள் குடும்பத்துக்கு இது பெரிய மானக்கேடாக இருந்தது. அப்பாவின் கடைசித் தம்பியான அவர் அப்போது கும்பகோணத்தில் கல்லூரிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தார். அதைவிட மும்முரமாகக் குத்துச்சண்டை பழகிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்பது வயது. மேடை ஏறினால் சித்தப்பா மூன்று ரவுண்டும் ஓயாமல் குத்துவார். எதிராளி அத்தனையையும் வாங்கிக்கொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, நடுநடுவே நாலு குத்தைத் திருப்பிக் கொடுப்பான். கடைசியில் நடுவர்கள் பாயிண்டைக் கூட்டிப் பார்த்து அவன்தான் ஜெயித்தான் என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு வருடம் இதே கதைதான்.

மூன்றாவது வருடம் தஞ்சாவூரில் நடக்கவிருந்த மண்டலப் போட்டி அவருக்குக் கடைசி வாய்ப்பு. அதில் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம்; அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம். இல்லையென்றால் அப்பாவோடு வயலில் இறங்க வேண்டியதுதான். தாத்தா காலம் வரைக்கும் நாங்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். அப்பா குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்து, பிறகு கொஞ்சம் சொந்தமாகவும் வாங்கினார். இதற்கு அடுத்த படி காக்கிச் சட்டை என்று அப்பாவே தீர்மானித்து வைத்திருந்தார்.

எதிராளியை ஒரே குத்தில் சாய்த்துவிட்டால் நடுவர்களின் தயவு வேண்டாம், தரையில் கிடக்கிறவன் ஜெயித்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது சித்தப்பாவின் வாதம். அதனால் கைக்குப் பலம் ஏற்றுவதில் இறங்கினார். தினமும் ஆறு முட்டை. மாட்டுக் கொட்டகை உத்தரத்தில் ஒரு சாக்கு மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். முதலில் மணலைக் கொட்டினார். அது அடியில் போய் இறுகிக்கொண்டதில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. உமியைக் கொட்டினால் மூட்டை காற்றில் பறந்தது. பதமான சரக்கு நெல்தான் என்று கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் மாற்றிவிட்டார். அது அப்பா சம்பாவுக்கு எடுத்து வைத்திருந்த விதைநெல். கொட்டகைக் கூரை ஒழுகியது. ஒரே வாரத்தில் தையல் ஓரமெல்லாம் பச்சையாக முளைவிட்டு, மூட்டைக்குத் தாடி முளைத்த மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு அப்பா கையை நீட்டவில்லை, வாயாலேயே அடித்தார். எங்கள் வீட்டில் நான் பார்த்த முதல் நாக்-அவுட் அதுதான்.

பிறகு மூட்டைக்குள் பழந்துணியும் உமியும் போயின. சித்தப்பா போனில் சண்டை வீடியோக்களை மெதுவாக ஓடவிட்டு, யார் அடித்து யார் விழுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். புஜம் பெருத்த ஆட்களைவிட ஒல்லியான சிலர் அடித்தால்தான் எதிரே நிற்பவன் சரிகிறான் என்பது அவரை ரொம்பவும் குழப்பியது. ஆறு முட்டையைத் தின்றுவிட்டு ஒருவனுக்கு அப்படிப்பட்ட உண்மை தெரியவருவது கொடுமைதான்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். சீர்காழிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது மாற்றுத் துணிகூட இல்லாமல் திரும்பி வந்துவிட்டாள். யாராவது கேட்டால் "ஒத்துவரல" என்று ஒரே சொல்லில் வீட்டில் முடித்துவிடுவார்கள்.

அந்த வருடம் குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டது. பயிர் சாய்ந்து, வயல் சேறாகி, அறுப்பு மெஷின் இறங்க முடியவில்லை. கையால் அறுத்து, களத்தில் கட்டுக் கட்டாகத் தூக்கி அடித்துத்தான் நெல்லை உதிர்க்க வேண்டியிருந்தது. அத்தை ஆண்களோடு வரிசையில் நின்று அடித்தாள். ஒரு சாயங்காலம் களத்திலிருந்து வந்தவள், கொட்டகையில் சித்தப்பா வேர்த்து விறுவிறுத்து மூட்டையோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏன்டா அதத் தடவிக் குடுத்துக்கிட்டு நிக்கிற?"

சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "முடிஞ்சா நீ அடி பாப்போம்" என்றார். அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு குத்து விட்டாள். மூட்டை எகிறி உத்தரத்தில் மோதியது. படுத்திருந்த பசு அரண்டு எழுந்து நின்றது. நான் கைதட்டினேன். சித்தப்பா இன்னொரு தடவை அடிக்கச் சொல்லிப் போனில் பிடித்து, அதையும் மெதுவாக ஓடவிட்டார்.

பலம் கையில் இல்லவே இல்லை. முதலில் பின்னங்காலின் குதிகால் தரையை உந்தித் திரும்பியது, பிறகு இடுப்பு, பிறகு தோள். கை கடைசியில் சும்மா கூட வந்தது. மூட்டையைத் தொடுகிற வரைக்கும் விரல்கள் தளர்வாகத்தான் இருந்தன.

"கட்டு அடிக்கிற மாதிரிதான்டா. கையில பலத்த வச்சா மத்தியானத்துக்குள்ள தோள் போயிடும்" என்றாள் அத்தை.

"மூட்ட சும்மா நிக்குது. எதிர்ல உள்ளவன் தடுப்பானேக்கா?"

"நீ அடிப்பன்னு அவன் நெனைக்காதப்ப அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் கால் கழுவப் போய்விட்டாள்.

சித்தப்பா முட்டையை நிறுத்திவிட்டுக் களத்துக்கு வந்து பத்து நாள் கட்டு அடித்தார். அப்பாவுக்கு ஒரு ஆள் கூலி மிச்சம்.

தஞ்சாவூருக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் தம்பி அடி வாங்குவதைப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை. என்னை உள்ளே உட்காரவைத்துவிட்டு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டார். சித்தப்பாவுக்கு எதிராக நின்ற பையன் திருத்துறைப்பூண்டி என்று மைக்கில் சொன்னார்கள். இரண்டாவது ரவுண்டில் சித்தப்பா பின்வாங்குகிற மாதிரி இருந்தது. அந்தப் பையன் தெம்பாக முன்னால் வந்தான். சித்தப்பாவின் குதிகால் திரும்பியதை நான் பார்த்தேன், அவன் பார்க்கவில்லை. தாடையில் விழுந்தது. அடுத்த நொடி அவன் தரையில் கிடந்தான். நடுவர் பத்து எண்ணி முடித்ததும் டாக்டர் ஓடிவந்து கண்ணில் டார்ச் அடித்தார். ஒரு நிமிடத்துக்குள் பையன் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். பிறகு சித்தப்பாவுக்குக் கைகொடுத்துவிட்டு நடந்தே கீழே இறங்கினான்.

சித்தப்பா நண்பர்களோடு தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கும் அத்தைக்கும் நான் முழுச் சண்டையையும் நடித்துக் காட்டினேன். சித்தப்பாவாகக் குத்தி, அந்தப் பையனாக நானே விழுந்தேன். அம்மா சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

"அந்தப் புள்ள எந்திரிச்சானா?"

ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டான் என்று சொன்னால் சித்தப்பாவின் குத்துக்கு என்ன மரியாதை? எனக்கு மனசு வரவில்லை.

"எந்திரிக்கவே இல்ல அத்தை. கண்ணே தொறக்கல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். "நான் வெளியிலல்ல நின்னேன், பாப்பாதான் பாத்தா" என்றார் அப்பா. சித்தப்பாவுக்குப் போன் போட்டார்கள், அணைத்து வைத்திருந்தார். ஜெயித்தவன் தம்பி, விழுந்தவன் யாரோ, அதற்கு டாக்டர் இருக்கிறார் என்று அப்பா சமாதானம் சொன்னார். அத்தை சாப்பிடவில்லை. பையனுக்கு எந்த ஊர் என்று மட்டும் என்னிடம் கேட்டாள். நான் பெருமையாகச் சொன்னேன்.

காலையில் நான் எழுந்தபோது அவள் வீட்டில் இல்லை. முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாள் என்றாள் அம்மா. பத்து மணிக்கு மெடலோடு வந்த சித்தப்பா நடந்ததை நடந்தபடி சொல்ல, என் குட்டு உடைந்தது. அம்மா என் தொடையைத் திருகி எடுத்துவிட்டாள். அதைவிடப் பெரிய பயம் எனக்கு அத்தை வந்த பிறகு நடக்கப்போவதைப் பற்றித்தான். அந்த மூட்டை எகிறியதை நேரில் பார்த்தவள் நான். வைக்கோல் போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

மத்தியானம் அத்தை வந்தாள். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பஸ் மாறி, திருத்துறைப்பூண்டியில் இறங்கி, பாக்ஸிங் ஆடுகிற பையன் வீடு எது என்று கடை கடையாக விசாரித்துக்கொண்டு போயிருக்கிறாள். என்னைக் கண்டுபிடித்து வெளியே இழுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாத்துக்கட்டு சுமந்துகிட்டு வரப்புல போறான்டி அவன். எனக்குக் கலர் சோடா வாங்கிக் குடுத்தான்" என்றாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அப்புறம் உள்ளே போய் இரண்டு ஆள் சோற்றைச் சாப்பிட்டாள். பொய்க்காரியென்று பிடிபட்ட பிறகும் அடி விழாததை என் அதிர்ஷ்டம் என்றே நினைத்துக்கொண்டேன். அரை நாள் பஸ்ஸில் அலையவிட்டவளை எதற்காகக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

நான் கல்லூரியில் படிக்கும்போது அம்மா சொன்னாள். அத்தையின் கணவர் கை நீட்டுகிறவர். ஓர் அறுப்பு நாளில், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், களத்தில் வைத்து அத்தையை எட்டி உதைத்திருக்கிறார். அவள் கையிலிருந்த நெற்கட்டைப் போட்டுவிட்டுத் திரும்பி ஒரே ஒரு அடி அடித்தாள். எட்டு வருடமாக ஒரு சொல் எதிர்த்துப் பேசாதவள் அடிப்பாள் என்று அவர் எப்படி நினைத்திருப்பார்? நெல் குவியல் ஓரமாக விழுந்தவர் அசையவில்லை. அத்தை நின்று பார்க்கவில்லை. ரோட்டுக்கு ஓடிவந்து கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். இங்கே வந்து மூன்று நாள் யாரிடமும் எதுவும் சொல்லாமல், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள் அவரே வந்தார். தெருவே கூடும்படி நின்று, வாயில் வந்தபடியெல்லாம் திட்டினார். அத்தை வாசலில் நின்று அழுதாள். அவமானம் தாங்காமல் அழுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் அம்மா. "ஆனா அவ அந்தாளு மூஞ்சியப் பாக்கவே இல்ல. ஒழுங்கா ஊனி நிக்கிறாரான்னு காலையே பாத்துக்கிட்டு நின்னா."