அம்மாவின் தோப்பும் என் கவாத்தும்

மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் சாயங்காலமானால் சீரியல் பார்ப்பார்கள். என் அம்மா கேம் ஆடுவாள். குன்னூருக்குக் கீழே ஒரு டீ எஸ்டேட்டில் அவளுக்கு டிஸ்பென்சரி நர்ஸ் வேலை. ஐந்து மணிக்கு வீடு திரும்பி, முகம் கழுவி, ஒரு டம்ளர் டீயோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு அவளை யாரும் கூப்பிடக் கூடாது. ரத்தம் வந்தால் கூப்பிடலாம். கொஞ்சமாக வந்தால் அதுவும் கூடாது.

துப்பாக்கியும் சண்டையுமாக ஆடினாளோ என்று நினைக்க வேண்டாம். அது தோட்டம் போடுகிற ஆட்டம். வெட்டவெளியாக ஒரு நிலம் கொடுப்பார்கள். உழுது, விதைத்து, தினமும் தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டும். அம்மா அதில் பன்னிரண்டு வரிசையில் பிளம்ஸ் தோப்பு போட்டிருந்தாள். வரிசைக்கு இருபது மரம். மூன்று வருடத்து உழைப்பு. ஒரு நாள் தண்ணீர் தவறினால் காய் உதிரும். மூன்று நாள் தவறினால் மரமே பட்டுப்போகும்.

இதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போச்சு, அம்மாவிடம் ஒரு பிரசங்கமே தயாராக இருக்கும். சீரியல் பார்ப்பது அடுத்த வீட்டுச் சண்டையை வேலி மேல் எட்டிப் பார்ப்பது மாதிரி, அதுவும் வருடக்கணக்காக. டிவி பாட்டுப் போட்டி என்பது சின்னப் பிள்ளைகளை அழவிட்டு அந்த அழுகையைக் கிட்டத்தில் காட்டும் வேலை. ஊட்டிக்கு வருகிறவர்கள் மலையைப் பார்க்க வந்துவிட்டு மலைக்கு முதுகைக் காட்டியே போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். இப்படி எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு தீர்ப்பு உண்டு. அந்த வயசுக்கு என்ன விளையாட்டு என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா ஒருமுறை கேட்டதற்கு அம்மா சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம்.

"கேம்ல நாம பண்ணுன தப்புக்கு நாமதானுங்க அனுபவிக்கோணும். சீரியல்ல யாரோ பண்ற தப்புக்கு நாம அழுகோணும். எதுங்க மேல்?"

அந்த அக்கா அதோடு எங்கள் வீட்டுப் பக்கம் சாயங்காலம் வருவதை நிறுத்திக்கொண்டாள். அம்மா விரும்பியதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பத்து வயதானபோது வந்த தவக்காலத்தில்தான் வினை வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் கறி மீன் கிடையாது என்பது கோயிலுக்குப் போகும் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அதற்கு மேல் ஆளுக்கொரு ஒறுத்தல் எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். பிடித்தமான ஒன்றை ஈஸ்டர் வரை விட்டுவிட வேண்டும். அப்பா டீயில் சர்க்கரையை விடுவார். நான் டீயில் தொட்டுத் தின்னும் வர்க்கியை விடுவேன். அம்மா வருடா வருடம் ஊறுகாயை விடுவாள். அவளுக்கு ஊறுகாய் பிடிக்காது என்பதை நாங்கள் யாரும் கிளறுவதில்லை.

அந்த வருடம் சாம்பல் புதன் பூசையில் பங்குச் சாமியார், எதை விட்டால் வலிக்குமோ அதை விடுங்கள் என்று பிரசங்கம் வைத்தார். அப்பா அம்மாவைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நெற்றியில் சாம்பலோடு கோயில் படி இறங்கும்போதே நாற்பது நாளைக்குக் கேமைத் தொடமாட்டேன் என்று அறிவித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தோப்பு ஞாபகம் வந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பாஸ்வேர்டைக் காதில் சொன்னாள். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், வேறு எதிலும் கை வைக்கக் கூடாது. இது ஒறுத்தலை ஏமாற்றுவதாகாதா என்று அப்பா கேட்டார். அம்மா, நோன்பு இருக்கிறவள் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைப்பதில்லையா என்று திருப்பிக் கேட்டாள். அப்பா சர்க்கரை இல்லாத டீயை முகம் சுளித்துக் குடித்தார்.

அதன்பிறகு தினமும் நான் தண்ணீர் ஊற்ற, அம்மா சமையற்கட்டிலிருந்து திரையைப் பார்க்காமலே விசாரிப்பாள். மூணாம் வரிசை காய் பிடிச்சிருக்குதா, பாத்தியில் களை இருக்குதா என்று கேள்வி மேல் கேள்வி. மீதி நேரத்தில் அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் மேல் பாய்ந்தாள். பரணை ஒழித்தாள். என் கணக்கு நோட்டை முதல் பக்கத்திலிருந்து திருத்தினாள். அப்பாவின் சட்டைகளை நிறம் பார்த்து அடுக்கினாள். மூன்றாம் வாரம் அப்பா தாங்காமல் சாமியாரிடமே போய்க் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை நாற்பதில் சேராது, அன்றைக்கு ஆடலாம் என்று நல்ல செய்தி கொண்டுவந்தார். அம்மா அசையவில்லை. சொன்னால் சொன்னதுதான் என்று அப்பாவின் ஷூவுக்குப் பாலிஷ் போட உட்கார்ந்துவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் தோப்பில் காய் குறைந்தது. நான் தண்ணீர் ஊற்றாமலில்லை, சத்தியமாக ஊற்றினேன். ஆனாலும் கூடைக்கு நாற்பது விழுந்த இடத்தில் முப்பதுதான் விழுந்தது. மரத்துக்கு வயசாகிவிட்டது என்று எனக்குப் பட்டது. வயசான செடிக்கு என்ன செய்வதென்று எஸ்டேட்டில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கவாத்து வெட்ட வேண்டும். தேயிலையை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை முட்டியளவுக்கு வெட்டிக் குச்சியாக்கிவிடுவார்கள். பார்ப்பவருக்குத் தோட்டமே செத்துவிட்டதென்று தோன்றும். இரண்டு மூன்று மாதத்தில் தளதளவென்று தளிர் விடும். அப்பா ஃபீல்டு சூப்பர்வைசர். அந்த மாதம் அவர் தினமும் கவாத்து நடக்கும் தேயிலைக் காட்டிலிருந்துதான் வீட்டுக்கு வந்தார்.

ஆட்டத்தில் கோடாலிப் படம் ஒன்று உண்டு. அமுக்கினேன். உறுதியாகவா என்று கேட்டது. உறுதியாகத்தான் என்றேன். ஒவ்வொரு மரத்துக்கும் கேட்டது, ஒவ்வொரு மரத்துக்கும் சொன்னேன். இரண்டு சாயங்காலம் பிடித்தது. கவாத்து வெட்டும்போது செடி மூச்சு விட ஒரு கிளையை விட்டுவைப்பார்கள். ஆட்டத்தில் கிளையை விட வழியில்லை. அதனால் வரிசைக்கு ஒரு மரத்தை விட்டேன். பன்னிரண்டு மரம், இருநூற்று இருபத்தெட்டு முண்டுகள். முண்டுகளுக்கும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன்.

ஒரு வாரம் போயிற்று, தளிர் வரவில்லை. இரண்டாம் வாரமும் வரவில்லை. அம்மா சமையற்கட்டிலிருந்து, தோப்பு எப்படி கண்ணு இருக்குது என்று கேட்கும்போதெல்லாம் திரையை முதுகால் மறைத்துக்கொண்டு, நல்லா இருக்குதுங்கம்மா என்பேன். வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்தில் பதினான்கு தலத்திலும் முழந்தாளிட்டு ஒரே வேண்டுதல்தான். நாலு நாள் செத்துக் கிடந்த லாசரை எழுப்பியவருக்குப் பிளம்ஸ் மரம் ஒரு பெரிய வேலையா என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். என் பக்தியைப் பார்த்துக் கோயிலில் ஒரு பாட்டி, பிள்ளை கன்னியர் மடத்தில் சேர்ந்துவிடும் போலிருக்கிறது என்றாள். அம்மாவுக்குப் பெருமை. எனக்கு மடத்தில் போய் ஒளிந்துகொண்டாலும் தேவலை என்றிருந்தது.

ஈஸ்டரும் வந்தது. பூசை முடிந்து, பிரியாணி முடிந்து, அப்பா மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயோடு சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். அம்மா புதுச்சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் போலக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நான் கடித்த வர்க்கியோடு கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

தோப்பு திறந்தது. அம்மா மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரைக்கும் மெல்ல நகர்த்திப் பார்த்தாள். மறுபடி மேலே போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யார் வெட்டியது என்று மட்டும் கேட்டாள், அதுவும் சத்தமில்லாமல். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். காய் குறைந்தது, வயசானது, கவாத்து, மூச்சுக்கு விட்ட பன்னிரண்டு மரம், எல்லாம்.

முதலில் சிரித்தது அப்பாதான். டீ சட்டையில் சிந்தியது. மூச்சுக்கு விட்டுவைத்திருக்கிறாளே, நாளைக்கே கவாத்து வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அம்மாவுக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல கண்ணு. நம்முளுதுன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

எனக்குத் தெரிந்தே மூன்று எஸ்டேட் மாறியிருந்தோம். எந்தக் குவார்ட்டர்ஸுக்குப் போனாலும் அம்மா பின்கட்டில் ஒரு பிளம்ஸ் கன்று நடுவாள். அது காய்க்குமுன் மாற்றல் வந்து எங்கள் சாமான்கள் லாரியில் ஏறிவிடும். பழத்தைத் தின்றது யாரென்று நாங்கள் கண்டதில்லை. எனக்கு லாரியில் முன்சீட்டு கிடைக்கும், அதனால் மாற்றல் வந்தால் கொண்டாட்டம்தான்.

ஜன்னலுக்கு வெளியே பள்ளத்திலிருந்து உச்சி வரைக்கும் கம்பெனி எஸ்டேட் பச்சையாகக் கிடந்தது. அம்மாவை எப்படியாவது சமாதானப்படுத்த வேண்டுமே என்று அதைக் கைகாட்டினேன்.

"இதுக்குப் போயி எதுக்குங்கம்மா. வெளிய இத்தனை எடம் சும்மா கெடக்குதே, அங்க நட்டுக்கலாம்."

அம்மா நான் காட்டிய பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆமாம் கண்ணு என்று என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு, முதல் கன்றை நடச் சொல்லி மவுஸை என் கையில் கொடுத்தாள். நல்ல யோசனை சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.