அக்கா என்று சொல்லிக் கொடுத்த நம்பர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் புல் வெட்டி, செடிக்குத் தண்ணீர் விடும் கான்ட்ராக்ட் வேலைக்கு அம்சவல்லி சேர்ந்த புதிதில், சம்பளம் இனி பேங்கில்தான் என்று சொல்லிவிட்டார்கள். கணக்குத் தொடங்க போன் நம்பர் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் போன் வைத்திருந்தவள் திலகவதி ஒருத்திதான். பெண்கள் எல்லோரும் அவள் நம்பரையே எழுதிக் கொடுத்தார்கள். யாருடைய நம்பர் என்று பேங்கில் கேட்டபோது, "எங்க அக்காதுங்க" என்றாள் அம்சவல்லி. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பிற்பாடு அவளும் ஒரு போன் வாங்கினாள். கணக்கில் மட்டும் நம்பரை மாற்றவில்லை. அக்காவிடம் இருந்தால் என்ன, தன்னிடம் இருந்தால் என்ன? இப்படி நம்பினால் உருப்பட்ட மாதிரிதான்.

அந்தக் கணக்கில் இருந்தது மகள் எழில்மதியின் நர்சிங் படிப்புக்கு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். 2018 ஜூலையில், கல்லூரியில் கட்டுவதற்காக எடுக்கப் போனாள். கணக்கில் ஒன்றும் இல்லை.

"ஆன்லைன்ல எடுத்திருக்காங்கம்மா," என்றார் பேங்க்காரர். "ஓடிபி உங்க நம்பருக்குத்தான் வந்திருக்கு. பணம் போன மெசேஜும் அன்னிக்கே வந்திருக்கு. பத்து நாளா என்ன பண்ணிங்க?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து நாளுக்கு முன்னால் வேலை நடுவே திலகவதி, "பேங்க்லேர்ந்து பேசுறாங்க, உன் கார்ட குடு அம்சா," என்று கேட்டாள். இவளும் எதற்கென்று கேட்காமல் சுருக்குப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். திலகவதி கார்டிலிருந்த நம்பரைப் போனில் படித்துச் சொன்னாள்.

பேங்க்காரர் கார்டை முடக்கினார். புகார் எழுதி வாங்கி, நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். பேங்க் ஒரு மாதத்தில் பதில் சொல்லாவிட்டால் சென்னையில் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம் என்றார். முதலில் போலீசுக்குப் போகச் சொன்னார். ஸ்டேஷனில் ரசீது கொடுத்து, கடலூரில் இணையக் குற்றங்களைப் பார்க்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். பஸ் பிடித்துப் போனாள்.

அங்கிருந்த பெண் போலீஸ் எங்கெங்கோ விசாரித்துவிட்டுச் சொன்னாள்: "பணம் ரெண்டு நாள் ஒரு ஆன்லைன் வாலட்ல அப்படியே கெடந்திருக்கும்மா. அன்னிக்கே வந்திருந்தா நிறுத்தி வச்சிருப்போம். இனிமே ஆளத்தான் தேடணும். ஓடிபி வந்த போன வச்சிருக்கவங்க வந்து வாக்குமூலம் குடுக்கணும்."

நேரே திலகவதி வீட்டுக்குப் போனாள். திலகவதி கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"மெசேஜ அன்னிக்கே பாத்தன் அம்சா. என்னாலதான் போச்சின்னு தெரிஞ்சா நீ என்ன சொல்லுவியோன்னு வாய மூடிக்கினு இருந்துட்டன். எங்க வூட்டுக்காரருக்கு வேல பர்மனென்ட் ஆவப்போற நேரம். போலீசு, கேசுன்னு என்ன இழுக்காத. போன் தொலஞ்சி போச்சின்னு எழுதிக் குடுத்துடு."

"தொலஞ்சி போன போன்ல யாருக்கா ஓடிபி சொன்னது?"

அம்சவல்லி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

எங்கேயோ உட்கார்ந்து போனில் ஏமாற்றியவனுக்கு இவள் முகமே தெரியாது. திலகவதியோ பணம் போன மறுநாள் மரத்தடியில் பக்கத்தில் உட்கார்ந்து, என்றைக்கும் இல்லாமல் இரண்டு துண்டு மீனை எடுத்து இவள் சோற்றில் வைத்தவள். அக்காவுக்கு இன்றைக்கு என்ன இத்தனை பாசம் என்று இவள் சிரித்துக்கொண்டே தின்றாள். அந்த நேரத்தில் பணம் இன்னும் எங்கேயும் போகாமல் கிடந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

கல்லூரியில் கெடு முடிந்து, எழில்மதியின் இடம் வேறு பெண்ணுக்குப் போனது. மறுவாரம் அம்சவல்லி திரும்பவும் கடலூர் போய், நடந்தது நடந்தபடி சொன்னாள். திலகவதியின் பேரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்ட பெண் போலீஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

அக்கா என்றுதான் வாயில் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"உறவு இல்லீங்க," என்றாள். "கூட வேலை செய்றவங்க."