அக்காவுக்கு மட்டும் ஒரு திரை

கேரளாவுக்குத் திராட்சை அனுப்பும் முதலாளி ஒருவருக்காக இணையச் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். அல்லிநகரத்தில் என் அறையிலிருந்தே அதைப் பராமரித்தும் வந்தேன். உள்ளே வருபவர் யாரோ, அவருக்கேற்ப அதன் முகம் மாறும். தோட்டக்காரர்களுக்குப் படங்களோடு தமிழில் திறக்கும். கோட்டயம் வியாபாரிகளுக்கு மலையாளத்தில். ராயப்பன்பட்டி அலுவலகத்தில் ஆர்டர் பார்த்து லோடு அனுப்பிய என் அக்காவுக்கோ, பொடி எழுத்தில் ஒரு நீண்ட அட்டவணை.

அக்காவின் கணவர் இறந்தபின் அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஒருநாள் போனில் கூப்பிட்டாள்.

"ஏலே, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி தெரியுதுடா."

மதுரைக்கு அழைத்துப் போனேன். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது, இனி திரும்பாது என்றார் டாக்டர். திரும்பும் பஸ் ஆண்டிபட்டி தாண்டியதும், "மொதலாளிக்குத் தெரிய வேணாம்" என்றாள்.

அவள் லாகினுக்கு மட்டும் கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து வைத்தேன். ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் பருமன். யாராவது வந்தால் பழைய திரைக்கு மாற்ற ஒரு பட்டன் கேட்டாள். அதையும் வைத்தேன். எழுத்தை இன்னும் பெரிதாக்கு, இன்னும் பெரிதாக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் திரையில் நான்கு வரிதான் நின்றது.

பிரிண்டரைப் பழுதுபார்க்க நான் அலுவலகம் போயிருந்த அன்று முதலாளி உள்ளே வந்தார். செருப்புச் சத்தம் கேட்டதுமே அக்கா பட்டனைத் தட்டிவிட்டாள்.

"ஏம்மா, கோட்டயத்துல எத்தன பெட்டி கேட்டிருக்காக?"

"அறுவதுண்ணே."

அது முந்தின நாள் ஆர்டர். காலையிலேயே அதை ரத்து செய்திருந்தார்கள். ரத்தானதைக் காட்ட, திரையில் அந்த வரி சிவப்பாக இருந்தது. முதலாளி குனிந்து பார்த்தார்.

"எங்க, அந்த வரிய வாசிங்க."

நான் எழுந்தேன். அக்கா என்னைக் கையமர்த்திவிட்டு, பட்டனை மறுபடி தானே அழுத்தினாள். மஞ்சள் எழுத்துகள் வந்து நின்றன.

"இப்படி இருந்தா எனக்குத் தெரியும்ணே. ஒண்ணும் விட்றாம செஞ்சிருவேன்."

அவர் வரிகளை எண்ணிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"நாலு நாலு வரியாப் பாத்து எப்பம்மா லோடு ஏத்துறது? பழம் அழுகிப் போகும்ல."

தன் காரிலேயே அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும்படி செய்து தருகிறேன் என்று நான் பலமுறை சொன்னேன். "அதக் கேட்டு யாருக்குடா லோடு அனுப்ப?" என்றாள். இப்போது அவளுக்குப் பகல் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. அவள் மூத்த மகள் கல்லூரியை விட்டுவிட்டு, கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போகிறாள்.

அக்காவின் இடத்துக்கு வந்த பெண் போன வாரம் போன் செய்தாள். வெள்ளைத் திரை அலுப்பாக இருக்கிறதாம், ரோஸ் கலரில் பூப்போட்டு வேண்டுமாம். உடனே மாற்றிக் கொடுத்தேன்.