எந்தச் செயின்ட் மேரிஸ்?

ஒஸ்லோவில், குரோருட் பகுதிப் பள்ளிக்கூடமொன்றில் கட்டடம் பராமரிக்கும் வேலை பாலேந்திரனுக்கு. அகதியாக வந்த புதிதில் அவரோடு ஒரே அறையில் படுத்தெழும்பியவன் எலியாஸ். பிறகு மனைவி ஜெசிந்தாவோடு இங்கிலாந்துக்குப் போய், ஆல்டர்கோம் என்ற சின்ன இடத்தில் குடியேறிவிட்டான். போன பங்குனியில் ஜெசிந்தா அழுதபடி அவருக்குப் போன் எடுத்தாள்.

"இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார் அண்ணை. புதன்கிழமை செயின்ட் மேரிஸ் கோயிலிலை அடக்கம். வந்திடுங்கோ."

டாக்சி ஆல்டர்கோமில் நின்றபோது பாலேந்திரனுக்கு ஊரே தென்படவில்லை. நாலைந்து வீடு, செம்மறிகள் மேயும் வயல், அவ்வளவுதான். கோயில் இல்லை.

"சுத்தியிருக்கிற மூன்று கிராமத்திலும் செயின்ட் மேரிஸ் இருக்கே, எது வேணும்?" என்றான் டாக்சிக்காரன். போனில் சிக்னல் இல்லை. கிட்ட இருந்ததில் இறக்கிவிடச் சொன்னார்.

உள்ளே மூடிய சவப்பெட்டி வைத்திருந்தார்கள். கொஞ்சப் பேர்தான், எல்லாரும் வயதான வெள்ளைக்காரர். எங்கடை ஆக்கள் பிந்தித்தான் வருவினம் என்று நினைத்துக் கடைசி வரிசை வாங்கில் போய் உட்கார்ந்தார். பெட்டியைப் பார்க்கப் பார்க்க அழுகை பொங்கியது. பாதிரியார் திரும்பத் திரும்ப "வால்டர்" என்றார். வேதக்காரருக்கு ஞானஸ்நானப் பேரென்று இன்னொரு பேரும் இருக்குமோ? இத்தனை வருசத்தில் எலியாஸ் ஒரு சொல் சொல்லவில்லையே!

பெட்டி தூக்க ஆள் போதவில்லை. கறுப்பு உடுப்புப் போட்ட பெண்ணொருத்தி வந்து கேட்டாள்: "நீங்கள் சிநேகிதரா?"

தலையாட்டிவிட்டுத் தோள் கொடுத்தார்.

அடக்கம் முடிந்து தேநீர் கொடுத்த மேசையில் ஒரு படம் இருந்தது. நரைமீசை வெள்ளைக்காரக் கிழவர். பாலேந்திரன் படத்தையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் வால்டரின் மகள். தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னார். அவள் கோபிக்கவில்லை.

"அப்பாவைத் தூக்க ஆள் வருமோ என்று எனக்கு நித்திரையே இல்லை" என்று சொல்லி, தன் காரில் அவரை அடுத்த கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். அதுவும் பிழை. மூன்றாவதில்தான் எலியாஸ்.

அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. ஜெசிந்தா மட்டும் புதுமண்ணருகே நின்றாள்.

"எங்கையண்ணை போனீங்கள்? உங்களைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்."

"நான் ஒரு வெள்ளைக்காரன்ரை பெட்டியைத் தூக்கிக் குடுத்திட்டு வாறன் பிள்ளை."

கதையைக் கேட்டு ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. பாலேந்திரன் குழிமேட்டைப் பார்த்தபடி நின்றார். இப்போது அவருக்கு அழுகை வரவில்லை. ஏனென்றும் விளங்கவில்லை.

"வாங்கோ அண்ணை," என்றாள் அவள், "வீட்டிலை சனம் சாப்பிடாமல் இருக்குது."