ராணியிடம் பெயர் கேட்டது

கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த 'ல' எங்கே வரும் என்பது இன்றைக்கும் குழப்பம்தான்.

நேற்று கோலா சிலாங்கூர் கிளினிக்கில் சின்ன மகளின் முழங்காலில் மஞ்சள் மருந்து தடவினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எண்பதுகளில் இருந்த எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி கண்முன்னே வந்துவிட்டது.

அங்கே டாக்டர் கிடையாது, காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசர்தான் எல்லாம். ஊசி போடுவார், பல் பிடுங்குவார், புருஷன் பெண்டாட்டி சண்டையையும் தீர்த்து வைப்பார். அவர் முதலுதவி வகுப்பு நடத்தியபோது தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்திலிருந்து ஓர் ஆள் கேட்டார்கள். யாரும் முன்வரவில்லை. எனக்கோ 'முடியாது' என்று சொல்ல வாய் வராது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

அடிபட்டவருக்கு நினைவு இருக்கிறதா என்று பார்க்க, முதலில் சத்தமாகப் பெயர் கேட்க வேண்டும். நான் கேட்டது எனக்கே கேட்காது.

"காதல் கடுதாசியா படிக்கிற? கத்துடா!" என்று டிரெசர் முதுகில் தட்டுவார். பெயர் கேட்காமல் ஆளைத் தொடவே விடமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் நாய்களோடு பன்றி வேட்டைக்குப் போவார்கள். அன்றைக்கு எந்த வீட்டிலும் சீக்கிரம் குழம்பு வைக்கமாட்டார்கள். கறி வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஒரு ஞாயிறு கறிக்குப் பதிலாக, பக்கத்து வீட்டு செல்வராசு அண்ணன் தன் நாய் ராணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பன்றியின் கோரைப்பல் முன்னங்காலை மேலே கிழித்திருந்தது. அவர் சட்டையெல்லாம் ரத்தம்.

"டிரெசர் ஜெராமுக்குப் போயிட்டாராம். ஏதாச்சும் பண்ணு தம்பி, செத்துருவா போலருக்கு!"

என் மூளை நின்றுவிட்டது. படித்த பாடம் மட்டும் ஓடியது. மண்டியிட்டு, ராணியின் முகத்துக்கு நேரே, லயமே கேட்கும்படி கத்தினேன்: "ஒங்க பேரு என்னா?"

அண்ணன் அழுதுகொண்டே, "ராணி, தம்பி... ராணி" என்றார்.

"ஐசி கார்டு நம்பரும் கேளு லா!" என்றார் அவர் மனைவி பாக்கியம் அக்கா.

எல்லாரும் சிரித்த சிரிப்பில் என் மூளை மறுபடி ஓடத் தொடங்கியது. கடிக்க வந்த வாயைத் துணியால் கட்டினேன். துண்டை மடித்துக் காயத்தில் அழுத்தினேன். அது நனைந்ததும் எடுக்காமல், மேலே இன்னொன்றை வைத்து அழுத்தினேன். விரல் மரத்துப்போனது. கையை எடுத்தால் ராணி போய்விடுவாள் என்று பயம். டிரெசரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றபோது ரத்தம் நின்றிருந்தது. அவரே தையல் போட்டார்.

"நாய்க்குத் தச்சேன்னு ஆபீஸு பெரிய கிராணிக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும். யாரும் வாயத் தொறக்காதீங்க" என்றார். சாயங்காலத்துக்குள் பெரிய கிராணியே வந்து ராணியைப் பார்த்துவிட்டுப் போனார்.

ராணி பிழைத்தாள், குட்டிகளும் போட்டாள். என்னை மட்டும் மன்னிக்கவில்லை. வாயைக் கட்டியவன் அல்லவா? என் தலை தெரிந்தாலே படிக்கட்டுக்கு அடியில் நுழைந்துகொள்வாள். "டாக்டரு வராரு டோய்!" என்று லயம் சிரிக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். உள்ளுக்குள் பெருமை தாங்காது.

தோட்டம் இப்போது வீடுகள் நிறைந்த தாமான் ஆகிவிட்டது. லயம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். கேட்டுக்குப் பின்னால் நிற்கும் நாய்கள் என்னைக் கண்டால் வாலாட்டுகின்றன. என்னைப் பார்த்து ஓடி ஒளிய அங்கே இப்போது யாருமில்லை.

எழுதி முடித்தது, மாட்டுப் பொங்கலன்று.